அஞ்சும் பிள்ளைக்கு அமான் அளியுங்கள்

அல்லாஹ் ஜல்லஷானஹுவத்தஆலா குறைஷிக் குலத்தாருக்குத் தான் செய்த உபகாரங்களை நினைவூட்டுமிடத்து, சூரத்துல் குறைஷின் முடிவில் இரண்டு காரியங்களை எடுத்துச் சொல்கிறான். பசியில் உணவளித்தது ஒன்று. அச்சத்தில் அபயமளித்தது மற்றொன்று. வயிற்றுக்குச் சோறு எப்படியோ, உள்ளத்துக்கு அபயம் அப்படி என்பது இதிலிருந்து நமக்கு விளங்குகிறது.

நம் வீடுகளில் நடப்பதைச் சற்று சிந்தித்துப் பாருங்கள். "பசிக்குது அம்மா" என்று பிள்ளை சொன்னால் தாய் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்திருக்கிறாள். அதே பிள்ளை "பயமா இருக்கு அம்மா" என்று சொன்னால் என்ன செய்கிறோம்? ஒருவர் சிரிக்கிறார். ஒருவர் அதட்டுகிறார். ஒருவர் "பேசாம படு, இல்லன்னா பூச்சாண்டி வந்துடும்" என்று இருக்கிற பயத்தின் மேல் இன்னொரு பயத்தைச் சுமத்துகிறார். பசித்த பிள்ளையின் கையிலிருந்து தட்டைப் பிடுங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அமான் என்றால் அபயம், பாதுகாப்பு. ஈமான் என்ற சொல்லும் அமான் என்ற சொல்லும் அலிஃப், மீம், நூன் என்ற ஒரே வேரிலிருந்து பிறந்தவை. வீட்டில் அமான் பெறாத பிள்ளைக்கு ஈமானின் இனிமையை எப்படி ஊட்டப் போகிறோம்? இந்தப் பாடத்தில் நாம் பார்க்க இருப்பது இதைத்தான்.

அச்சம் ஈமானின் குறைவா?

"ஈமான் உள்ளவன் பயப்படுவானா?" என்று ஐந்து வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை ஒருமுறை திருமறையில் ஓதிப் பார்க்கட்டும். தூர் மலையடியில் கைத்தடி பாம்பாக நெளிந்ததும் மூஸா (அலை) அவர்கள் திரும்பிப் பாராமல் ஓடினார்கள். ஃபிர்அவ்னிடம் போகும்படி ஏவப்பட்டபோது தாமும் ஹாரூன் (அலை) அவர்களும் அஞ்சுவதாக வாய்விட்டே சொன்னார்கள். சூனியக்காரர்களின் கயிறுகள் ஓடுவதுபோல் தோன்றியபோதும் அவர்களுடைய மனதில் அச்சம் தட்டியது. இந்த மூன்று இடங்களில் ஓரிடத்திலேனும் அல்லாஹ் அவர்களைப் பழிக்கவில்லை, ஏளனம் செய்யவில்லை. அஞ்ச வேண்டாம் என்றான். அஞ்ச வேண்டாததற்குக் காரணமும் சொன்னான். நான் உங்களுடன் இருக்கிறேன், கேட்கிறேன், பார்க்கிறேன் என்ற கருத்தில் உடனிருப்பையும் வாக்களித்தான். ஒரு நபிக்கே இப்படி என்றால், பால்மணம் மாறாத பிள்ளைக்கு எப்படி இருக்க வேண்டும்?

ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வொரு பயம் உண்டு என்பது குழந்தை மருத்துவம் அறிந்த விஷயம். எட்டு, ஒன்பது மாதத்தில் பழகாத முகத்தைக் கண்டால் அழும். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை தாயைப் பிரிய அஞ்சும். மூன்றிலிருந்து ஆறு வயது வரை இருட்டு, நாய், இடி, கண்ணுக்குத் தெரியாத உருவங்கள். பள்ளிக்கூடம் போகும் வயதில் திருடன், பரீட்சை, வாத்தியார், மௌத்து. இவையெல்லாம் பிள்ளையின் அறிவு வளர்வதன் அடையாளங்கள். நேற்றுவரை தெரியாத ஆபத்து இன்று தெரிகிறது, அதனால் அஞ்சுகிறது. இவற்றில் பெரும்பாலானவை தாமே வந்து தாமே போகும், நாம் அவற்றைப் பிடித்து நிறுத்தி வைக்காமல் இருந்தால்.

அச்சுறுத்தி வளர்ப்பது கூடுமா?

ஸஹாபாக்கள் நபி (ஸல்) அவர்களுடன் பயணம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் அயர்ந்து உறங்கியபோது தோழர்களில் சிலர் அவரிடமிருந்த கயிற்றை எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். அப்போது நபி (ஸல்) அவர்கள், ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது மற்றொரு முஸ்லிமுக்கு ஹலால் அல்ல என்று அறிவித்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள ஹதீஸ் இது. திடுக்கிட்டவர் வளர்ந்த மனிதர். நடந்ததோ ஒரு நொடி. அதற்கே இந்தத் தீர்ப்பு.

நம் வீட்டுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். சோறு உண்ண மறுத்தால் பூச்சாண்டி. அழுதால் போலீஸ். தூங்காவிட்டால் கொல்லையில் நிற்கும் பேய். குறும்பு செய்தால் ஊசி போடும் டாக்டர். ஓதப் போக அடம்பிடித்தால், "ஹஜ்ரத்திடம் சொல்லித் தோலை உரிக்கச் சொல்கிறேன்." இப்படிச் சொல்லி வளர்த்த பிள்ளை நாளைக்கு வழி தவறி நின்றால் போலீஸ்காரரிடம் போய் உதவி கேட்குமா? உடம்புக்கு வந்தால் டாக்டர் முன் வாய் திறக்குமா? ஹஜ்ரத்தைக் கண்டு நடுங்கும் பிள்ளைக்கு அவர் கையிலிருக்கும் குர்ஆன் ஷரீபின் மீது பிரியம் எங்கிருந்து வரும்? ஓதிக் கொடுக்கும் நம்மைப் போன்றவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பிரம்பின் சத்தத்தில் கற்ற அலிஃப் பே, பிரம்பு மறைந்ததும் தானும் மறைந்துவிடும்.

இங்கே கற்றவர்கள் ஒரு கேள்வி எழுப்பலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதுமிடத்து, தாய் தந்தையைச் சொல்லிப் பிள்ளையை எச்சரிக்கலாம் என்று கூறியிருக்கிறார்களே? உண்மைதான். ஆனால் அந்த இடத்தை முழுவதும் படியுங்கள். கெட்ட செயல்களிலிருந்து தடுப்பதற்காக, நேசமும் மரியாதையும் உள்ள ஒரு தந்தையைச் சொல்லி எச்சரிப்பதே அங்கே பேசப்படுகிறது. அந்தத் தந்தையும் எப்போதாவதுதான் கண்டிக்க வேண்டும், ஓயாமல் பழித்தால் பிள்ளைக்குப் பழிச்சொல் மரத்துப்போகும் என்றும், ஓதி முடித்த பிள்ளையை நன்றாக விளையாடவிட வேண்டும், விளையாட்டைத் தடுத்தால் அதன் உள்ளம் செத்துப்போகும் என்றும் அதே இமாம் அதே இடத்தில் எழுதுகிறார்கள். இல்லாத பூச்சாண்டிக்கு அதில் ஆதாரம் இல்லை.

இதைவிடக் கவலைக்குரியது ஒன்றுண்டு. நான்கு வயதுப் பிள்ளை ஒரு சின்னப் பொய் சொல்லிவிட்டால், "அல்லாஹ் உன்னை நெருப்பிலே போட்டுப் பொசுக்குவான்" என்று சொல்லிவிடுகிறோம். ஷரீஅத்தில் அந்தப் பிள்ளையின் நிலை என்ன? பருவமடையும் வரை பிள்ளையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழி. அதன் தவறுகள் பாவமாக எழுதப்படுவதில்லை. தொழுகையை ஏவுவதே ஏழு வயதில். கண்டிப்புக்கு இடம் வருவது பத்தில். அல்லாஹ் கேள்வி கேட்காத வயதில் அல்லாஹ்வின் பெயரால் நாம் தண்டனை அறிவிப்பது எந்த நியாயம்? தன் ரப்பைப் பற்றிப் பிள்ளை முதன்முதலாகக் கேட்கும் செய்தி நெருப்பாக இருக்கக் கூடாது. கண்ணைக் கொடுத்தவன், அம்மாவைக் கொடுத்தவன், மழையை அனுப்புபவன் என்று முதலில் அறியட்டும். நன்மை தீமை விளங்கும் வயதில் மறுமையின் கணக்கைச் சொல்லிக் கொடுப்போம். நேசித்தவனுக்கு அஞ்சுவதே தக்வா. அறியாதவனுக்கு அஞ்சுவது வெறும் நடுக்கம்.

மதீனாவில் ஓர் இரவு

ஓரிரவு மதீனாவாசிகள் பயங்கரமான ஒரு சத்தம் கேட்டு வெளியே வந்தார்கள். சத்தம் வந்த திசை நோக்கி அவர்கள் போய்க்கொண்டிருக்க, நபி (ஸல்) அவர்கள் அந்தத் திசையிலிருந்து எதிரே வந்தார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களுடைய குதிரையில் சேணமும் பூட்டாமல் ஏறி, கழுத்தில் வாளைத் தொங்கவிட்டு, எல்லோருக்கும் முன்பாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அஞ்ச வேண்டியதில்லை என்று மக்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். புகாரீயில் வரும் செய்தி இது.

பிள்ளையின் பயத்தை நீக்கும் வழி முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. "சத்தமாவது ஒன்றாவது, போய்ப் படுங்கள்" என்று அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து சொல்லவில்லை. எழுந்தார்கள், போனார்கள், பார்த்தார்கள். பார்த்த பிறகு சொன்னார்கள். அதனால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

கொடும்பாளூரிலும் விராலிமலைப் பக்கத்து ஊர்களிலும் மயில்கள் அதிகம். விடியும் முன்னரும் அந்தி நேரத்திலும் மயில் அகவுவதைப் பழக்கமில்லாத பிள்ளை கேட்டால், யாரோ அலறுகிறார்கள் என்றே எண்ணும். வெளியூரிலிருந்து நன்னி வீட்டுக்கு வந்த பிள்ளை அந்தச் சத்தத்துக்கு நடுங்கினால் என்ன செய்வது? "ஒண்ணுமில்லை" என்று சொன்னால் போதாது. பிள்ளையின் காதில் ஒன்று விழுந்திருக்கிறதே. "ஆமாம், எனக்கும் கேட்டது, அது மயில்" என்று முதலில் சொல்லுங்கள். விடிந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், வரப்பில் மேயும் மயிலைக் காட்டுங்கள். அது அகவும்போது, "ராத்திரி கேட்டது இதுதானா?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். அடுத்த இரவு அதே சத்தம் வரும்போது பிள்ளை, "மயில் கத்துது அத்தா" என்று உங்களுக்குச் சொல்லும்.

பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதும் ஸுன்னத்தே. அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர், வளர்த்த குருவி இறந்து வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்துக் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். ஓர் உம்மத்தின் பாரத்தைச் சுமந்தவர்களுக்கு அதற்கு நேரம் இருந்தது.

பொய்யால் தைரியம் வராது

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது, "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று தாயார் அழைத்தார்கள். அங்கிருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நாடினீர் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் என்று தாயார் சொன்னதும், ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள்.

"ஊசி வலிக்கவே வலிக்காது" என்பது பொய். குத்தியதும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலிலேயே கதறும். "சுருக்கென்று கொஞ்சம் வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் போய்விடும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்பது உண்மை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள், பிள்ளை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் தாய் பின்வாசல் வழியாக நழுவிவிடுகிறாள். அழாமல் விட்டுவந்ததாக மகிழ்கிறாள். கண் திருப்பினால் அம்மா மறைந்துவிடுவாள் என்ற பாடத்தைப் பிள்ளை அன்று கற்றுக்கொள்கிறது. ஸலாம் சொல்லி, "சோறு தின்று முடிந்ததும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அழுதாலும் பரவாயில்லை. சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வந்து நில்லுங்கள். வாக்கு நிறைவேறுவதைப் பார்க்கப் பார்க்க அழுகை தானே குறையும்.

இருட்டும் ஜின்னும்

ஜின் என்று ஒன்று இல்லை என்று நாம் பிள்ளையிடம் சொல்ல முடியாது. திருமறையில் ஜின் பெயரால் ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஆனால், ஜின்னும் நம்மைப் போல் அல்லாஹ்வின் படைப்புத்தான், அவன் அனுமதியின்றி ஒரு துரும்பையும் அசைக்க முடியாது என்று சொல்லலாமே. அதற்கு மேல், இரவில் கூட்டமாக உட்கார்ந்து ஜின் கதை பேசுவதைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நிறுத்திவிடுங்கள்.

அந்தி மயங்கும்போது பிள்ளைகளை உள்ளே நிறுத்திக்கொள்ளுங்கள், ஷைத்தான்கள் பரவும் நேரம் அது என்று ஹதீஸ் வந்திருக்கிறது. அதைப் பாதியில் நிறுத்திப் பிள்ளையை மிரட்டுபவர்கள், சற்று நேரம் கழிந்ததும் அவர்களை விட்டுவிடுங்கள் என்ற மீதியைச் சொல்வதில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவைச் சாத்துங்கள், சாத்திய கதவை ஷைத்தான் திறக்கமாட்டான் என்றும் அதில் வருகிறது. அந்த வேலையைப் பிள்ளையிடமே கொடுத்துப் பாருங்கள். "பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவைச் சாத்து வாப்பா" என்று நாள்தோறும் சொல்லுங்கள். பயந்து ஒடுங்கும் பிள்ளைக்குச் செய்ய ஒரு காரியம் கிடைத்தால் பயம் பாதி குறையும்.

நபி (ஸல்) அவர்கள் தூங்கப் போகும்போது இக்லாஸ், ஃபலக், நாஸ் ஆகிய மூன்று சூராக்களை ஓதிக் கைகளில் ஊதி உடலில் தடவிக்கொள்வார்கள். பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் ஒரு சிறு துஆவால் பாதுகாப்புத் தேடுவார்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மக்களுக்கு ஓதிவந்த துஆ அது என்றும் சொன்னார்கள். உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேட்டால் சொல்லிக் கொடுப்பார். அர்த்தத்தோடு ஓதிக் கொடுங்கள். சூரத்துல் ஃபலக்கில் படரும் இருளின் பெயரே வருகிறது. இருட்டுக்கு அஞ்சுவது அல்லாஹ்வுக்குத் தெரியும், அதற்காகவே ஒரு சூராவைக் கொடுத்திருக்கிறான், அவன் விடியலின் ரப்பு, இந்த இருட்டையும் விடிய வைப்பான் என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

சிறிது சிறிதாக

"பயம் தெளியட்டும்" என்று பிள்ளையை இருட்டறையில் தள்ளிப் பூட்டுவது கொடுமை. அதனால் பயம் இறுகுமே அல்லாமல் தெளியாது. அதே சமயம், பயந்த இடத்துக்குப் போகவே விடாமல் தூக்கிக்கொண்டு திரிவதும் உதவாது. ஹிஜ்ரீ 322ல் (கி.பி. 934) காலமான அபூ ஸைத் அல்பல்கீ, உடலையும் உள்ளத்தையும் பேணுவது பற்றி எழுதிய நூலில் அச்சத்துக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, அஞ்சும் பொருளோடு மனதைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும் என்று காட்டியிருக்கிறார். இக்கால மனநல மருத்துவமும் இதே பாதையில்தான் நடக்கிறது. இப்னு ஸீனாவும் தம் கானூன் நூலில், கடும் கோபம், கடும் பயம், துக்கம் ஆகியவை பிள்ளையை அண்டாமல் காக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

இருட்டுக்கு அஞ்சும் பிள்ளையை இப்படிப் பழக்கலாம். முதலில் சின்ன விளக்கு எரிய, தாய் பக்கத்தில் படுக்கட்டும். அது பழகியபின் விளக்கை அறைக்கு வெளியே வையுங்கள். பின்னர் தாய் வாசற்படியில் உட்காரட்டும். அதன் பின் பக்கத்து அறையிலிருந்து குரல் மட்டும் கொடுக்கட்டும். ஒரு படியில் மனம் நிலைத்த பிறகே அடுத்த படி. ஒரு நாள் பின்வாங்கினால் ஒரு படி இறங்கிக்கொள்ளுங்கள். அதற்காகப் பழிக்க வேண்டாம், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் சிரிக்கவும் வேண்டாம். முன்னேறினால், "மாஷா அல்லாஹ், நேற்றைவிட இன்று நன்றாக இருந்தாய்" என்று வாயாரச் சொல்லுங்கள்.

ஊரே நடுங்கும்போது

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். தென்னையும் பலாவும் சாய்ந்தன. பல ஊர்கள் நாள் கணக்கில் மின்சாரமின்றி இருண்டு கிடந்தன. அத்தகைய இரவுக்குப் பிறகு, சாதாரணக் காற்றுக்கும் பிள்ளை அழுதால் அது பிடிவாதம் அல்ல, அதன் உடம்பு அந்த இரவை நினைத்துக்கொள்கிறது. பலத்த காற்று வீசினால் நபி (ஸல்) அவர்களின் முகமே மாறும் என்றும், அதன் நன்மையைக் கேட்டு அதன் தீமையிலிருந்து பாதுகாப்புத் தேடுவார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த துஆவைப் பிள்ளையோடு சேர்ந்து ஓதுங்கள்.

அடுத்த ஆண்டு 2019 அக்டோபர் 25 அன்று, மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளை மூடப்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. 29ஆம் தேதி அதிகாலை உயிரற்ற உடலே மேலே வந்தது. இடைப்பட்ட நாட்களில் தமிழகமே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அழுதது, துஆச் செய்தது. பெரியவர்களின் மடியில் சின்னப் பிள்ளைகளும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினால், அது திரும்பத் திரும்ப நடப்பதாகவே சின்னப் பிள்ளை எண்ணும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். இப்படிப்பட்ட வேளைகளில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிடுங்கள். "நானும் விழுந்துடுவேனா?" என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். "நம் கொல்லையில் திறந்த குழி இருக்கிறதா என்று அத்தா பார்த்துவிட்டேன், நீயும் வந்து பார்" என்று கூட்டிப் போங்கள். திறந்து கிடந்தால் அன்றே மூடுங்கள். அபயம் என்பது வாய்ச்சொல் மட்டுமல்ல.

பெற்றவர்களுக்கும் பயம் வரும். மூஸா (அலை) அவர்களைப் பேழையில் வைத்து நதியில் விட்ட தாயின் உள்ளம் வெறுமையாகிவிட்டதாகவும், அதை அல்லாஹ் உறுதிப்படுத்தியிராவிட்டால் அவர் ரகசியத்தை வெளியிட்டிருப்பார் என்றும் திருமறை கூறுகிறது. அஞ்சுவது குற்றமல்ல. ஆனால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்தே உலகத்தைப் படிக்கிறது. பதறுகிறது என்றால் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து, உளூச் செய்து, பிறகு பிள்ளையிடம் போங்கள்.

மருத்துவமும் தவக்குலே

சில பயங்கள் தாமே போகா. வாரக் கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்கூடம் போக முடியவில்லை, நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் வந்தது, காரணமின்றி வயிற்றுவலி என்கிறது, தாயை விட்டு ஒரு நொடியும் அகலவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு மனிதரைக் கண்டு மட்டும் பிள்ளை திடீரென்று அஞ்சத் தொடங்கினால், அவர் உறவினரானாலும் ஓதிக் கொடுப்பவரானாலும், மானக்கேடு என்று மூடி மறைக்காமல் அன்றே தனியே உட்கார வைத்து மென்மையாக விசாரியுங்கள். பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்திருப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

ஓதிப் பார்த்தோம், தண்ணீர் ஓதிக் கொடுத்தோம், அது போதாதா என்பீர்கள். ஓதுங்கள், அது பரக்கத்து. மருந்தும் செய்துகொள்ளுங்கள் என்று ஏவியதும் அதே நபி (ஸல்) அவர்களே. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநல ஆலோசனைக்காக 2022ல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். மனநல டாக்டரிடம் போனால் பைத்தியம் என்று பெயர் வந்துவிடும் என்று தயங்காதீர்கள். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகும் நாம், உள்ளம் காய்ந்து தவிக்கும் பிள்ளையை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கலாமா?

பெற்றோர்களே! இன்றிரவு உங்கள் பிள்ளை "பயமா இருக்கு" என்று வந்தால், எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உண்மையைச் சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள். பசித்தவருக்கு உணவும் அஞ்சியவருக்கு அபயமும் அளிக்கும் ரப்புல் ஆலமீன், நம் வீடுகளைப் பிள்ளைகளுக்கு அமானுள்ள வீடுகளாக ஆக்கி, அந்த அமானிலிருந்து அவர்களுடைய ஈமானை வளரச் செய்வானாக! ஆமீன்.